ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் கூறுக

அரசு தன் வேலையை முடிக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுப் பாருங்கள். பரிசீலனையில் இருக்கிறது, கோப்பு மேலே போயிருக்கிறது, ஆள் பற்றாக்குறை, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று பதில்கள் வரிசையாக வரும். ஒன்றிலும் தேதி இருக்காது. அதே அரசு செய்த தவறை எதிர்த்து முறையிட எத்தனை நாள் என்று கேளுங்கள். பதில் எண்ணிலேயே வந்து விழும்: 30. முப்பத்தொன்றாவது நாள் போனால், 'டேட் முடிஞ்சுபோச்சும்மா, போங்க.'

நேரம் தவறாமை நல்ல குணம்தான். அதை ஏழைகளிடம் மட்டும் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம் என்பதே கேள்வி.

கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தி.மு.க. 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குறுதி தந்தது. அந்த ஆண்டு மே 7 அன்று ஆட்சி அமைந்தது. திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கியது 2023 செப்டம்பர் 15 அன்று. இடையில் ஓடியது 28 மாதம். கஜானா காலி, தகுதியை வரையறுக்க வேண்டும், தரவு திரட்ட வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். இருக்கட்டும். பெரிய வேலைக்கு நாள் பிடிக்கும். எதிர்க்கட்சிகள் குத்திக்காட்டின, நாமும் கேட்டுச் சிரித்தோம். ஆனால், கெடு தாண்டிவிட்டதால் தங்கள் ஆட்சி நிராகரிக்கப்படுகிறது என்று கோட்டைக்கு எந்தக் கணினியும் குறுஞ்செய்தி அனுப்பவில்லை.

குறுஞ்செய்தி போனது வேறு இடத்துக்கு. விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடி பேர். தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி. மிச்சம் 56 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று அவர்களுக்கு ஒரு செய்தி. காரணத்தை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். சம்மதமில்லையென்றால் செய்தி கிடைத்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். இவ்வளவுதான் நடைமுறை. காகிதத்தில் படித்தால் தேன் மாதிரி இறங்கும்.

இதை எழுதியவர் வீட்டில் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் இருந்திருக்கும். வாசலில் பேருந்து நின்றிருக்கும். அவருக்கு மாதச் சம்பளம் வந்திருக்கும். இந்த மூன்றும் இருப்பவருக்கு ஆயிரம் ரூபாய் தேவையில்லை என்று சொல்லவே தகுதி வரையறை வகுத்தார்கள். மூன்றும் இல்லாதவர் பணம் வாங்கத் தகுதி பெறுவார், மேல்முறையீடு செய்யத்தான் தகுதி பெறமாட்டார்.

தாமதமாக வருபவர்களிடம் நீதிமன்றங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்பார்கள். சரி, சொல்லிவிடுவோம். தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணின் பெயரில் அந்த மனுவை நானே எழுதித் தருகிறேன். ஆள் கற்பனை. ஆனால் இவரைப் பார்க்க வேண்டுமானால் எந்த ஊர் இ-சேவை மையத்துக்கும் காலை பத்து மணிக்குப் போனால் போதும், வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நிற்பார்.

ஐயா, முதல் நாள் குறுஞ்செய்தி வந்தது. எனக்கு வரவில்லை, திருப்பூருக்கு வந்தது. ரேஷன் கார்டோடு இணைத்திருக்கும் நம்பர் மகனுடையது. அவன் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

ஆறு நாள் அவன் அதைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டவன்தான் சொன்னான்: 'எம்மா, கவர்மெண்டுல இருந்து என்னமோ வந்து கெடக்கு. லோன்காரன் மெசேஜுன்னு நெனச்சி விட்டுட்டேன்.' ஐயா, அவன் மேல் தப்பில்லை. ஒரு நாளைக்கு அப்படி இருபது வருகிறது.

அடுத்த இரண்டு நாள் போகமுடியவில்லை. இலையும் தூளும் வாங்கியாயிற்று, சுற்றிக் கணக்கு கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. உட்கார்ந்தால் காசு, எழுந்தால் இல்லை.

அதன் பிறகு போனேன். பெண்களுக்குப் பஸ் இலவசம், அதில் குறை சொல்ல முடியாது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று வருகிறது. மையத்துக் கம்ப்யூட்டரில் இருந்த தம்பி, 'சர்வர் டவுன்ம்மா, நாளைக்கு வாங்க' என்றான். மறுநாள் மிலாடி நபி விடுமுறை. அதற்கு அடுத்த நாள் கூலி நாள். பிறகு சனி, ஞாயிறு. அதன்பின் காந்தி ஜெயந்தி.

மறுபடி போனபோது சர்வர் இருந்தது. ஓடிபி கேட்டது. பீடி சுற்றித் தேய்ந்த விரலில் ரேகை விழாது, அதனால் எங்கே போனாலும் எனக்கு ஓடிபிதான். அது திருப்பூருக்குப் போயிற்று. கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், டீ நேரத்தில்தான் எடுப்பான். டீ நேரம் வந்தபோது ஓடிபி காலாவதி. இன்னொன்று கேட்டோம், அவனுக்கு டீ நேரம் முடிந்துவிட்டது.

கடைசியில் காரணம் தெரிந்தது. குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் உள்ளது என்று போட்டிருந்தது. ஐயா, எங்கள் வீட்டில் சக்கரம் என்றால் தையல் மிஷினில் இருப்பதுதான். அந்தத் தம்பிதான் தோண்டித் துருவிக் கண்டுபிடித்தான். மூத்தவன் வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு பழைய காரை வாங்கி, கடன் கட்டமுடியாமல் விற்றுவிட்டான். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் அவன் பெயர் இருக்கிறது, அவன் பெயர் என் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஆகவே நான் கார் வைத்திருக்கிறேன்.

வாங்கியவரைத் தேடினோம். அவர் கேரளாவில் இருக்கிறாராம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போனோம். விற்றதற்கு எழுத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். எழுத்து எழுதுகிறவர்கள் நாங்களாக இருந்தால் நான் ஏன் பீடி சுற்றுகிறேன்? இப்படி நாள் போய்விட்டது. நான் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

மனு இதோடு முடிகிறது. இதை ஏற்பீர்களா, மாட்டீர்களா? மாட்டோம் என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இதே நாட்டில் வேறொருவர் தாமதமாக வந்து என்ன காரணம் சொல்கிறார் என்பதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அந்த வேறொருவர் அரசேதான். நில உடைமை வழக்கு ஒன்றில் மத்தியப் பிரதேச அரசு உச்ச நீதிமன்றத்துக்கு 663 நாள் தாமதமாக வந்தது. ஆவணம் கிடைக்கவில்லை, திரட்ட நாளாயிற்று, அலுவலக நடைமுறை அப்படி என்பது அது சொன்ன காரணம். சம்பளம் வாங்கும் வழக்கறிஞர் படை, அலமாரி நிறையக் கோப்பு, கோப்பைத் தூக்க ஆள், ஆளை ஏற்ற வாகனம் எல்லாம் வைத்திருக்கும் ஓர் அரசுக்கு, ஏறத்தாழ இரண்டு வருடம் காகிதம் கிடைக்கவில்லை. பீடி சுற்றுகிறவர் கேரளா போனவரிடம் முப்பது நாளில் எழுத்து வாங்கி வரவேண்டும். 2020 அக்டோபரில் அந்த மனுவைத் தள்ளிய உச்ச நீதிமன்றம், நீதிமன்ற நேரத்தை வீணாக்கியதற்காக 25,000 ரூபாய் கட்டச் சொன்னது.

அதற்கு முன் 2012-இல் இன்னொரு வழக்கு. 427 நாள் தாமதம். வந்தவர் யார் தெரியுமா? அஞ்சல் துறை. உரிய நாளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் துறை, தன் மேல்முறையீட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வருடத்துக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டது. கோப்பு மேசை மேசையாக நகர வேண்டியிருந்தது என்பதைக் காரணமாக ஏற்க முடியாது, சட்டம் அரசுக்கும் ஒன்றுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியதாயிற்று. இந்தத் தீர்ப்பு வந்து எட்டு வருடம் கழித்துத்தான் 663 நாள்காரர் வந்தார். தீர்ப்பு அவருக்குத் தபாலில் போயிருக்குமோ என்னவோ.

கதையின் உச்சம் இன்னும் பழையது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் கேட்பதைப் பிடிவாதமாகப் பிடித்துத் தொங்கக்கூடாது, அப்படியானால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் கேட்கவேண்டியதுதானே என்று 1987-இல் உச்ச நீதிமன்றமே தாராளமாகச் சொல்லியிருக்கிறது. நாடெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. படித்தால் கண் கலங்கும். அந்தக் கருணை யாருக்குக் கிடைத்தது? காஷ்மீரத்தின் அனந்த்நாக்கில் நிலம் எடுத்த அரசு அதிகாரிக்கு. நிலம் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் இழப்பீடு தரச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து அவர் நான்கு நாள் தாமதமாக வந்திருந்தார். தாமதத்தை மன்னிக்கும் இந்தியச் சட்டத்தின் ஈரம், பணம் தரவேண்டியவர் தராமலிருக்க வழக்காட வந்தபோது சுரந்தது.

இவையெல்லாம் தனித்தனி வழக்குகள், எங்கோ ஓரிருவர் செய்த சோம்பல் என்று யாராவது சொல்லலாம். அவர்கள் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்ட வேண்டும். தனியாகக் கெடு எதுவும் சொல்லப்படாத வழக்கு என்றால், நீங்களும் நானும் மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும். மத்திய, மாநில அரசுகள் வழக்குப் போடுவதற்கு அதே அட்டவணை தரும் காலம் 30 ஆண்டு. வெள்ளைக்காரன் 1908-இல் எழுதிய சட்டத்தில் 60 ஆண்டு இருந்தது. சுதந்திர இந்தியா பெரிய மனது பண்ணிப் பாதியாக்கியது.

பீடி சுற்றுகிறவளுக்கு முப்பது நாள். அரசுக்கு முப்பது ஆண்டு. எண் ஒன்றுதான், அதனால் சட்டத்தின் முன் அனைவரும் சமம்.

நிராகரித்ததற்கு ஆதாரம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முறையிடலாமே என்று படித்தவர்கள் யோசனை சொல்வார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறதே! இருக்கிறது. அதன்படி பதில் தர அதிகாரிக்கு உள்ள அவகாசம் 30 நாள். மேல்முறையீட்டுக்கு உள்ள அவகாசமும் 30 நாள். குறுஞ்செய்தி வந்த அன்றே மனு எழுதி, அன்றே அது அலுவலகம் போய்ச் சேர்ந்து, அதிகாரியும் சட்டம் தந்த நாளை முழுதாக எடுத்துக்கொண்டால், காரணம் கையில் கிடைக்கும் நாளும் கதவு மூடும் நாளும் ஒன்று. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அந்த இரண்டாவதை எத்தனை நாளில் முடிக்கவேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. மனு போடுகிறவருக்கு அங்கே 90 நாள் கெடு உண்டு, அதை மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்தச் சீரில், ஊர் ஊராக மனு வாங்கும் முகாமுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர் வேறு. திருவாரூரில் அந்தச் சோழன் வாசலில் மணி தொங்கியது, பசு வந்து இழுத்தது, அரசன் எழுந்து வந்தான். பெயரை எடுத்துக்கொண்டவர்கள் மணியை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பசு இன்றைக்கு வந்திருந்தால் என்ன நடக்கும்? கன்று உன்னுடையதுதான் என்பதற்குக் கால்நடை மருத்துவர் சான்று எங்கே என்பார்கள். குளம்பு ரேகை விழவில்லை என்பார்கள். கயிற்றை இழுக்கும் முன் இ-சேவையில் பதிவு செய்தாயா என்பார்கள். எல்லாம் இருந்தாலும், சம்பவம் நடந்து முப்பத்தொரு நாள் ஆகிவிட்டதே, தேர் ஓட்டிய இளவரசர் இப்போது வேறு மாவட்டத்துக்கு மாறுதலில் போய்விட்டாரே என்பார்கள்.

கெடுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தத் திட்டத்துக்கும் ஒரு கணக்கு முடிக்கும் நாள் தேவை, இல்லாவிட்டால் நிதி ஒதுக்க முடியாது. ஆனால் கெடு வைத்து முடித்த கணக்கு சரியாக இருந்ததா? அரசின் எண்களே பேசுகின்றன. மேல்முறையீடு செய்தவர்கள் பதினொரு லட்சத்துக்கும் மேல். 2023 நவம்பரில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் 7.35 லட்சம் பேர். மறுபடி திறந்து பார்த்ததும் லட்சக்கணக்கில் தகுதியானவர்கள் கிடைத்தார்கள் என்றால் முதலில் மூடியவர் எப்படிப் பார்த்தார்? ஆட்களை வெளியே தள்ளி, திரும்பி வந்து கேட்ட பத்துப் பேரில் ஆறு பேரை 'அடடா, நீங்க உள்ளதான் இருக்கணும்' என்று கூப்பிடும் வாசற்காவலரை எந்தக் கல்யாண மண்டபத்திலும் வேலைக்கு வைக்கமாட்டார்கள்.

திரும்பி வந்து கேட்காத 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் அதே ஆறு பேர் எத்தனை இடத்தில் இருந்தார்கள்? அவர்களில் பலர் கார் வைத்திருந்தவர்கள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரித்தவர்கள், இரண்டரை லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மற்றவர்கள்? அவர்கள் முறையிடாததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டது அரசு. பஸ் கிடைக்காததும் ஓடிபி வராததும் அரசுக் கணக்கில் சம்மதத்தின் அறிகுறிகள்.

இனி நடந்த அற்புதத்தைப் பாருங்கள். எந்தக் கோட்டாட்சியராலும் ஒரு நாள்கூட நீட்டித் தர முடியாத அவகாசம், 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம் தொடங்கியதும் தானாக நீண்டது. விடுபட்டவர்கள் முகாமில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 45 நாளில் தீர்வு என்றார்கள். டிசம்பரில் திட்டம் விரிவாக்கப்பட்டு மேலும் லட்சக்கணக்கானவர்களுக்குப் பணம் போனது. நல்லது, மகிழ்ச்சி. ஆனால் 2023-இல் தகுதியில்லாத பெண்மணிக்கு 2025-இல் தகுதி எங்கிருந்து வந்தது? அவர் வீடு அதே வீடு, வருமானம் அதே வருமானம். இடையில் மாறியது ஒன்றே ஒன்று, 2026 சட்டமன்றத் தேர்தல் பக்கத்தில் வந்துவிட்டது. காலதாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நம் ஊரில் நீதிபதியிடமும் இல்லை, கோட்டாட்சியரிடமும் இல்லை. அது தேர்தல் தேதியிடம் இருக்கிறது. இதைத் தி.மு.க. கண்டுபிடிக்கவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் ஐந்தாம் ஆண்டில் அரசுக்குக் காது கேட்கத் தொடங்கும். முதல் நான்கு ஆண்டு செவிடாக இருந்ததற்குத் தாமத மன்னிப்பு மனு எதுவும் தரவேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 2023 செப்டம்பரில் தவறாக நிராகரிக்கப்பட்டு, முப்பது நாளில் முறையிடமுடியாமல் போய், 2025 டிசம்பரில் சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு இடையில் போனது 27 மாதம். மாதம் ஆயிரம் வீதம் 27,000 ரூபாய். 663 நாள் தாமதமாக வந்த மத்தியப் பிரதேச அரசுக்கு விதிக்கப்பட்ட தொகை 25,000. ஒரு மாநில அரசாங்கம் தன் இரண்டு வருட சோம்பலுக்குக் கட்டியதைவிட, ஒரு பீடித் தொழிலாளி தன் சில நாள் தாமதத்துக்குக் கூடுதலாகக் கட்டியிருக்கிறார். அதையும் தாமதத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கச் சொன்னது நீதிமன்றம். இவர் கட்டியது சோற்றுப் பணத்தில்.

எரிச்சலைக் கொட்டிவிட்டுப் போய்விடுவது எளிது. செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. முப்பது நாள் என்பது யாரோ ஒருவர் போனில் செய்தி ஒளிர்ந்த நாளிலிருந்து எண்ணப்படக் கூடாது. எந்தக் காரணத்துக்காக, எந்தப் பதிவேட்டைப் பார்த்து நிராகரித்தோம் என்று தமிழில் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய நாளிலிருந்து எண்ணவேண்டும். டோக்கனையும் விண்ணப்பத்தையும் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுக்க ஆள் கிடைத்ததே, அதே ஆள் போதும். தாமதமாக வருகிறவர் வெள்ளைத்தாளில் ஒரு வரி எழுதிக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், எழுதத் தெரியாதவர் சொல்ல அவர் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். மேல்முறையீட்டை அதிகாரி முப்பது நாளில் முடிக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகவே கருதி, முதல் மாதத்திலிருந்து நிலுவையோடு பணம் போகவேண்டும். அரசு தாமதித்தால் அரசு இழக்கட்டும். அவள் தாமதித்தால் அவள் இழக்கவில்லையா?

மூன்றுக்கும் சட்டத்திருத்தம் வேண்டாம், சட்டமன்றம் கூட வேண்டாம், குழு அமைத்து ஆறு மாதத்தில் அறிக்கை வாங்க வேண்டாம். ஓர் அரசாணை போதும். அரசாணை போட நாளாகும் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். தேர்தல் தேதி அறிவிக்கும் முன்தினம் ஒரே நாளில் எத்தனை அரசாணை வெளியாகும் என்பதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடே பார்க்கிறது.